ஓல்ம் சாலமாண்டரும் ஆர்க்டிக் ஆலாவும்: திரும்பத் திரும்ப கேக்கற சந்தேகங்கள்

ஏழு வருஷம் ஒரே இடத்துல கிடந்த ஒரு பிராணியையும் வருஷத்துக்கு எழுபதாயிரம் கிலோமீட்டர் பறக்கற ஒரு பறவையையும் சேர்த்து வச்சு பேசினா கேக்கறவங்க முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா கேள்வி வரும். எனக்கு இந்த ரெண்டு மேலயும் ஒரு பைத்தியம், யார் மாட்டினாலும் பேசிடுவேன், அதனால அதே கேள்விகள் சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்கு. இனிமே இதைப் படிச்சுக்கோங்கன்னு கையில கொடுத்துடலாம்னு எழுதி வச்சேன். கேள்வி எல்லாம் கேட்டவங்க வாயில வந்த மாதிரியேதான் இருக்கு, சிலதுல குசும்பு இருக்கும், நான் கை வைக்கல.

முதல்ல ஓல்ம்னா என்னங்க? மீனா, பல்லியா, பாம்பா?

மூணும் இல்ல. அது ஒரு சாலமாண்டர், அதாவது தவளைக்கு சொந்தக்காரன். பார்க்க பல்லியை இழுத்து நீட்டி விட்ட மாதிரி இருக்கும், ஆனா பல்லிக்கு இருக்கற செதில் இதுக்குக் கிடையாது, வழவழன்னு ஈரத்தோல். ஐரோப்பாவுல ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, அப்புறம் இத்தாலியோட ஒரு ஓரம், இங்க எல்லாம் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில ஓடற குகைத் தண்ணியிலதான் வாழுது. அந்தத் தண்ணி எப்பவும் பத்து டிகிரி பக்கம், வெளிச்சம் சுத்தமா கிடையாது.

நிறம்தான் பாக்கறவங்களை ஒரு மாதிரி ஆக்கிடும். வெளுத்த ரோஸ் கலர்ல மனுஷத் தோல் மாதிரியே இருக்கும், அதனால ஸ்லோவேனியாக்காரங்க அதை மனுஷ மீன்னு அர்த்தம் வர்ற பேர்லதான் கூப்பிடறாங்க. தலைக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சிவப்பா குஞ்சம் கட்டின மாதிரி செவுள் நீட்டிட்டிருக்கும், அந்த சிவப்பு அதோட ரத்தம்தான், தோல் அவ்வளவு மெல்லிசு. மழை வெள்ளம் வரும்போது இதுங்க குகையிலிருந்து அடிச்சுட்டு வெளிய வரும், அதைப் பார்த்த ஊர் ஜனங்க உள்ள டிராகன் இருக்கு, இது அதோட குட்டின்னு நம்பினாங்கன்னு வால்வாசோர்ங்கற ஸ்லோவேனிய அறிஞர் 1689லயே எழுதி வச்சிருக்கார்.

சரி ஆலான்னா? கடல்காகமா?

கடல்காகத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கலாம், ஆனா உடம்பு அதை விட ஒல்லி, றெக்கை கூர்மை, வால் ரெண்டா பிளந்து நீளமா போகும். ஆர்க்டிக் ஆலாவுக்கு தலையில கறுப்புத் தொப்பி, மூக்கும் காலும் ரத்தச் சிவப்பு. கால் ரொம்பக் குட்டை, அதனால தரையில நடந்தா நமக்கே பாவமா இருக்கும். ஆகாசத்துல ஏறிட்டா கதையே வேற. தண்ணிக்கு மேல ஒரே இடத்துல றெக்கையை படபடன்னு அடிச்சு நின்னு, தலையைக் குனிஞ்சு குறி பார்த்து, பொத்துன்னு விழும். விழுந்த அடுத்த நொடி மூக்குல சின்ன மீனோட மேல வந்துடும்.

வட துருவத்தைச் சுத்தி கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா, சைபீரியா, இங்க எல்லாம் குஞ்சு பொரிக்கும். அப்புறம் அண்டார்டிகா வரைக்கும் போயிட்டு அடுத்த வருஷம் அதே இடத்துக்குத் திரும்பும்.

ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே, எதுக்கு சேர்த்து வச்சுப் பாக்கணும்?

சம்பந்தம் இல்லாததுதான் சுவாரஸ்யம். ஒண்ணு இருட்டுலயே பொறந்து இருட்டுலயே முடியுது. இன்னொண்ணு வடக்குல கோடை, தெற்குல கோடைன்னு ரெண்டு கோடையை வருஷா வருஷம் பார்க்குது, அதனால உலகத்துலயே அதிக பகல் வெளிச்சம் பார்க்கற உயிர் அதுதான்னு சொல்றாங்க. ஒண்ணு நகராது, இன்னொண்ணு நிக்காது. ஆனா ஆயுசுன்னு வரும்போது ரெண்டும் ஒரே பக்கம் வந்து நிக்குது: சின்ன உடம்பு, நீளமான வாழ்க்கை, கொஞ்சமா குழந்தை. எப்படி ரெண்டு நேர் எதிர் வழியும் ஒரே ஊர்ல போய் முடிஞ்சதுன்னு யோசிச்சுத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சுது.

சைஸ் எப்படி? ஓல்ம் பெருசா ஆலா பெருசா?

நீளம் கிட்டத்தட்ட சமம், ஓல்ம் 20லிருந்து 30 சென்டிமீட்டர், ஆலா வாலையும் சேர்த்து 35 பக்கம். எடைதான் ஆச்சரியம். ஆலா சுமார் 100 கிராம், ஓல்ம் வெறும் 15-20 கிராம். அஞ்சாறு ஓல்மை தராசுல ஒரு பக்கம் போட்டாதான் ஒரு ஆலாவுக்கு ஈடாகும். பறக்கறதுதான் லேசா இருக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க, இங்க தலைகீழ்.

ஏழு வருஷம் ஒரே இடம்னீங்களே, சும்மா அளந்து விடறீங்களா?

இல்லங்க. போஸ்னியா-ஹெர்சகோவினாவுல ஒரு குகைத் தண்ணிக்குள்ள டைவர்கள் இறங்கி, ஓல்ம்களைப் பிடிச்சு தோலுக்கு அடியில கலர் அடையாளம் வச்சு விட்டாங்க, அப்புறம் வருஷக்கணக்கா போய்ப் போய் எது எங்க இருக்குன்னு குறிச்சாங்க. 2020ல முடிவு வந்துது. பெரும்பாலானது பல வருஷத்துலயும் பத்து மீட்டருக்குள்ளதான் இருந்துது, சராசரி வருஷத்துக்கு அஞ்சு மீட்டர். அதுல ஒண்ணு 2,569 நாள் கழிச்சுப் போய் பார்த்தா வச்ச இடத்துலயே இருந்துது, அதாவது ஏழு வருஷத்துக்கு மேல.

இதுல ஒரு சின்ன விஷயத்தை எல்லாரும் விட்டுடறாங்க. டைவர்கள் போன அன்னிக்கு எங்க இருந்துதுன்னுதான் கணக்கு, நடுவுல ராத்திரியோட ராத்திரியா கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பியிருந்தா அது இந்தக் கணக்குல வராது. அதனால ஏழு வருஷம் அசையவே இல்லன்னு தலைப்பு போடறவங்களோட எனக்கு சண்டை. ஏழு வருஷம் வீடு மாத்தலன்னு சொல்லுங்க, அது சரி.

ஆலாவோட 70,000 கிலோமீட்டர் யார் அளந்தது? பின்னாடியே ஃப்ளைட்ல போனாங்களா?

பறவை காலுல ஒரு குட்டிக் கருவி கட்டி விட்டாங்க, எடை 1.4 கிராம். அதுல ஜிபிஎஸ் கிடையாது, வெளிச்சம் எவ்வளவுன்னு நேரத்தோட பதிவு பண்ற ஒரு சென்சார், அவ்வளவுதான். சூரியன் எப்ப வந்துது எப்ப போச்சுன்னு தெரிஞ்சா போதும், பகல் எவ்வளவு நீளம்ங்கறதுலிருந்து பூமியில எவ்வளவு வடக்கு தெற்குன்னு வரும், நடுப்பகல் எத்தனை மணிக்குன்னு பார்த்தா எவ்வளவு கிழக்கு மேற்குன்னு வரும். பழைய காலத்து மாலுமி கணக்குதான். மார்ச்சுலயும் செப்டம்பர்லயும் உலகம் முழுக்க பகலும் ராத்திரியும் சமமா இருக்கற சில நாள்ல மட்டும் வடக்கு தெற்கு கணக்கு உதைக்கும், சூரியனே மறையாத துருவத்துலயும் அப்படித்தான்.

கஷ்டம் என்னன்னா அந்தக் கருவி எதையும் அனுப்பாது. அடுத்த வருஷம் அதே பறவையைத் திரும்பப் பிடிச்சாதான் கதை தெரியும். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பறவைகள்ல 11 கிட்டருந்து கிடைச்ச பதிவை வச்சு 2010ல வெளியிட்டாங்க: சராசரி வருஷத்துக்கு 70,900 கிலோமீட்டர், ஒண்ணு 81,600 போயிருக்கு. அப்புறம் இங்கிலாந்து ஃபார்ன் தீவு ஆலா ஒண்ணு ஒரே வருஷத்துல 96,000 தொட்டுச்சு. ஓல்மைப் பத்தி தெரிஞ்சுக்க மறுபடி போய்ப் பிடிச்ச மாதிரியே இங்கயும் மறுபடி பிடிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. ஒண்ணு போகாததால மாட்டுச்சு, ஒண்ணு போயிட்டு சரியா திரும்பி வந்ததால மாட்டுச்சு.

துருவத்துக்கு துருவம் போய்வர 40,000தானே வரணும்? மீதி 30,000 எங்க போச்சு?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் நிஜமாவே பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டு வந்து கேட்டார். 2010க்கு முன்னாடி எல்லாரும் அந்த 40,000தான் சொல்லிட்டிருந்தாங்க. பறவை நேர்க்கோட்டுல போறதில்ல, அதுதான் விஷயம். கிளம்பினதும் வட அட்லாண்டிக் நடுவுல கிட்டத்தட்ட ஒரு மாசம் தங்கி நல்லா சாப்பிடுது. அப்புறம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கால இருக்கற கேப் வெர்டே தீவுங்க பக்கம் வந்ததும் சிலது ஆப்பிரிக்கா கரையோரமா, சிலது கடலைத் தாண்டி பிரேசில் கரையோரமா இறங்குது. திரும்பி வரும்போது அட்லாண்டிக்ல பெரிய எஸ் மாதிரி வளைஞ்சு வருது, சுத்துதான், ஆனா காத்து பின்னாடியிருந்து தள்ளும். போறதுக்கு மூணு மாசம், வர்றதுக்கு வெறும் நாப்பது நாள். தூரம் கூடினாலும் செலவு கம்மி, அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்போ உலகத்துலயே நிக்காம ரொம்ப தூரம் பறக்கறது ஆலாதானா?

இல்ல, இதுல நிறைய பேர் குழப்பிக்கறாங்க. வருஷ மொத்தத்துல ஆலாதான் முதல் ஆள். நடுவுல இறங்காம ஒரே மூச்சுல பறக்கறதுல பட்டைவால் மூக்கன்ங்கற கரைப்பறவைதான் ராஜா, 2022 அக்டோபர்ல ஒண்ணு அலாஸ்காவுலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் 11 நாள்ல இறங்காம போச்சு. ஆலா வழியில மீன் பிடிச்சு சாப்பிட்டுக்கிட்டேதான் போகும்.

எதுக்கு இவ்வளவு அலையணும்? ஓல்ம் மாதிரி பேசாம ஒரு இடத்துல இருந்தா என்னவாம்?

முடியாதுங்க, ஆலா வெப்ப ரத்தப் பிராணி. உடம்பு சூடு 40 டிகிரி பக்கம் எப்பவும் இருந்தாகணும், அடுப்பு அணையாம எரியணும்னா விறகு போட்டுக்கிட்டே இருக்கணும், அதுக்கு மீனும் கூனிப்பொடி மாதிரி இருக்கற கிரில்லும் வேணும், அதைக் கண்ணால பார்த்துத்தான் பிடிக்கும், அதனால வெளிச்சம் வேணும். வெளிச்சமும் சாப்பாடும் ஒண்ணா கிடைக்கற இடம் ஆறு மாசம் வடக்குல, ஆறு மாசம் தெற்குல. அதைத் துரத்திக்கிட்டுப் போறதைத் தவிர வேற வழியில்ல.

ஓல்ம் குளிர் ரத்தம். பத்து டிகிரி தண்ணியில அதோட உடம்பும் பத்து டிகிரி, அடுப்பே பத்த வைக்கறதில்ல. அது இருக்கற இடத்துல நாளைக்கும் பத்து டிகிரி, அடுத்த வருஷமும் பத்து டிகிரி, எங்க போனாலும் அதே இருட்டு. போய் என்ன பண்ணப் போகுது?

ஓல்ம் பல வருஷம் சாப்பிடாம இருக்குமாமே, நம்பலாமா?

நம்பலாம். அதுக்குன்னு சாமியார் விரதம் மாதிரி ஆசைப்பட்டு இருக்கறதில்ல, குகைக்குள்ள சாப்பாடு வர்றது அபூர்வம். கிடைக்கும்போது சின்ன சின்ன குகை இறால், நத்தை, பூச்சின்னு ஒரேயடியா முழுங்கிட்டு கல்லீரல்ல கொழுப்பும் கிளைக்கோஜனுமா சேர்த்து வச்சுக்கும், அப்புறம் அசையாம கிடக்கும். ஆய்வகத் தொட்டியில சாப்பாடே போடாம வருஷக்கணக்குல உயிரோட இருந்திருக்கு. ஆலா ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே நிலைமை மோசம். மேல சொன்ன அடுப்புக் கதைதான்.

கண்ணே இல்லையாமே? பொறக்கும்போதே குருடா?

பொறக்கும்போது கண்ணு இருக்கும். குட்டிக்கு கண்ணு சாதாரணமா வளர ஆரம்பிக்கும், அப்புறம் வளர்ச்சி நின்னு, நாலு மாசம் போனா சுருங்கி தோலுக்கு அடியில புதைஞ்சுடும். முழுசா வேலை செய்யாதுன்னும் சொல்ல முடியாது, தோலே வெளிச்சத்தை உணரும், டார்ச் அடிச்சா நழுவி இருட்டுக்குப் போயிடும்.

கண்ணுக்கு பதிலா மத்ததெல்லாம் கூர்மை. வாசனை, தண்ணியோட அதிர்வு, ரொம்ப மெல்லிசான மின்சாரம்கூட உணரும், பக்கத்துல ஒரு இறால் நெளிஞ்சா அதுக்குத் தெரிஞ்சுடும். ஆலா வாழ்க்கையே கண்ணுதான், காத்துல ஆடிக்கிட்டே கீழ தண்ணிக்குள்ள நெளியற விரல் நீள மீனைக் குறி பார்க்கணும்.

திசை எப்படித் தெரியுது ரெண்டுக்கும்?

இங்கதான் ரெண்டும் கை குலுக்குது. இவ்வளவு தூரம் பயணம் போற பறவைகள் சூரியன், நட்சத்திரம் இதுங்களோட பூமியோட காந்தப்புலத்தையும் பயன்படுத்துது. ஓல்மும் காந்தப்புலத்தை உணரும்னு சோதனையில காட்டியிருக்காங்க, தொட்டியைச் சுத்தி செயற்கையா காந்தப்புலத்தை மாத்தினா அதோட நடத்தையும் மாறுது. ஆலாவுக்கு சரி, பாதி உலகம் தாண்டணும். பத்து மீட்டருக்குள்ள வாழறவனுக்கு எதுக்கு திசைகாட்டின்னு கேட்டா, ராத்திரியில கரண்ட் போன வீட்டுல நடந்து பாருங்க, பத்து மீட்டருக்கும் திசை வேணும்னு புரியும்.

ஆயுசு எவ்வளவு? ஓல்ம் 100 வருஷம்ங்கறாங்க?

பிரான்ஸ்ல பிரனீஸ் மலையடியில மூலிஸ்ங்கற இடத்துல ஒரு குகை ஆய்வகம் இருக்கு, அங்க 1950கள்லருந்து ஓல்ம் வளர்க்கறாங்க. அந்தப் பதிவேட்டை வச்சு 2010ல கணக்கு போட்டாங்க: வளர்ந்த ஓல்மோட சராசரி ஆயுசு 68 வருஷத்துக்கு மேல, அதிகபட்சம் 100 தாண்டும்னு கணிச்சாங்க. நூறுங்கறது கணிப்பு, பிறந்தநாள் கேக் வெட்டினது இல்ல, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஆலா 30 வருஷம் தாண்டினது வளையம் மாட்டின பறவைகள்ல பதிவாகியிருக்கு. 100 கிராம் உடம்புக்கு அதுவும் ரொம்ப ஜாஸ்தி, அதே எடை எலிக்கு மூணு நாலு வருஷம்தான்.

புரிஞ்சுடுச்சு, மெதுவா வாழ்ந்தா ஆயுசு கெட்டி. அதானே?

அதான் இல்ல! இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்னு சொல்லலாம். மெதுவா எரிஞ்சா நாள் வரும், வேகமா எரிஞ்சா சீக்கிரம் தீரும்னு பழைய கொள்கை ஒண்ணு இருக்கு, கேக்க அம்சமா இருக்கும், நம்ம பெரியவங்களும் நிதானமா இருன்னு அதைத்தான் சொல்வாங்க. அது சரின்னா ஆலா ரெண்டு வருஷத்துல தீர்ந்து போயிருக்கணும். 40 டிகிரி சூட்டுல வருஷம் எழுபதாயிரம் கிலோமீட்டர் றெக்கை அடிக்குது, அப்படியும் 30 வருஷம் ஓட்டுது.

ஓல்ம் பக்கமும் அது நிக்கல. மூலிஸ் ஆராய்ச்சியில உடம்பு ஓய்வா இருக்கும்போது செலவாகற சக்தியை மத்த நீர்நிலவாழ் பிராணிகளோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ஓல்ம் தனியா ஒண்ணும் கம்மி இல்ல. செல்லுக்குள்ள துருப்பிடிக்காம காப்பாத்தற ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையும் விசேஷமா இல்ல. அப்போ மெதுவா இருக்கறதால மட்டும்னு சொல்ல வழியில்ல.

எனக்கு சரின்னு படற விளக்கம் வேற, உயிரியல்காரங்க ரொம்ப நாளா சொல்றதுதான். வெளியிலிருந்து சாவு வர்ற வாய்ப்பு கம்மியா இருந்தா, வயசாகாம உடம்பைப் பார்த்துக்கறதுக்கு அர்த்தம் இருக்கு. எலியை பூனை எப்படியும் ஒரு வருஷத்துல பிடிச்சுடும், அதோட உடம்பை முப்பது வருஷத்துக்குப் பராமரிச்சு என்ன லாபம்? ஓல்ம் குகைக்குள்ள போய் எதிரியைத் தொலைச்சுது. ஆலா ஆகாசத்துல ஏறி, கடல் நடுவுல, ஆள் நடமாட்டமில்லாத தீவுகள்ல எதிரியைத் தொலைச்சுது. ஒளிஞ்சுக்கிட்டாலும் சரி, பறந்துட்டாலும் சரி, எதிரி கைக்கு சிக்கல.

குழந்தை குட்டி விஷயம் எப்படி?

ரெண்டும் கஞ்சத்தனம், ஆனா ஓல்ம் கஞ்சத்தனத்துக்கே எல்லை. பருவத்துக்கு வரவே 15 வருஷம் ஆகும், அப்புறம் சராசரியா பன்னிரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை சுமார் 35 முட்டை. 2016ல ஸ்லோவேனியாவுல போஸ்டோய்னா குகையில பார்வையாளர் தொட்டியில ஒரு அம்மா ஓல்ம் முட்டை போட்டுச்சு, ஜனவரி கடைசியில ஆரம்பிச்சு வாரக்கணக்கா ஒண்ணு ஒண்ணா அறுபதுக்கு மேல போட்டுச்சு, மே கடைசியிலதான் முதல் குஞ்சு. நாலு மாசம் ஒரு நாடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கேமராவுல பார்த்துக்கிட்டிருந்துது. அம்மா முட்டை பக்கத்துலயே காவல் இருந்து வேற ஓல்ம் வந்தா விரட்டும்.

ஆலா மூணு நாலு வயசுல ஜோடி சேரும். ஆண் முதல்ல மீன் பிடிச்சுட்டு வந்து காட்டணும், பெண்ணுக்குப் பிடிச்சா மேற்கொண்டு பேச்சுவார்த்தை. தரையில சும்மா ஒரு குழி, அதுல ஒண்ணுலருந்து மூணு முட்டை, மூணு வாரம் சொச்சம் அடைகாத்தா குஞ்சு, இன்னொரு மூணு வாரத்துல பறந்துடும். 1982ல ஃபார்ன் தீவுல பறக்கத் தெரியாத குஞ்சுக்கு வளையம் மாட்டினாங்க, அதே வருஷம் அக்டோபர்ல அது ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல கிடைச்சுது.

ஆலா ஆளைக் கொத்துமாமே?

கொத்தும், அதுவும் மண்டையில. கூடு பக்கம் போனா மேலருந்து கத்திக்கிட்டே பாயும், ரத்தம் வர்ற அளவுக்கு அடி விழும். எப்பவும் உசரமா இருக்கறதைத்தான் குறி வைக்கும், அதனால அந்தப் பக்கம் போறவங்க தலைக்கு மேல ஒரு குச்சியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடப்பாங்க, பறவை குச்சியோட மல்லுக்கட்டும். ஒரு வீடியோல ஒருத்தர் குச்சி கொண்டுவர மறந்துட்டு குடை மாதிரி செருப்பைத் தலையில கவுத்துக்கிட்டு ஓடினார், நான் நாலு தடவை பார்த்தேன்.

ஓல்ம் ஏன் பெரிசாகியும் செவுளோட சின்னக்குட்டி மாதிரியே இருக்கு?

தவளைக்கு தலைப்பிரட்டை எப்படியோ அப்படி சாலமாண்டருக்கும் செவுள் வச்ச குட்டிப் பருவம் உண்டு. பெரும்பாலான சாலமாண்டர் அப்புறம் உருமாறி செவுளைத் தொலைச்சு தரைக்கு வரும். ஓல்ம் அந்தக் குட்டி உருவத்துலயே வயசுக்கு வந்து, முட்டையும் போட்டு, அப்படியே கிழவனாகும். மெக்ஸிகோவுல இருக்கற ஆக்சலாட்டல்ங்கற சாலமாண்டரும் இப்படித்தான், ஆனா அதுக்கு தைராய்டு ஹார்மோன் கொடுத்தா உருமாறிடும். ஓல்ம் கொடுத்தாலும் மாறாது, அந்தக் கதவையே சுவர் வச்சு அடைச்சாச்சு.

ரெண்டுக்கும் உடம்புல ஏதாவது ஒத்துமை?

இருக்கு. முதுகெலும்பு, நாலு கை கால் எல்லாம் ஒரே பழைய பாட்டன் சொத்து, முப்பத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி வழி பிரிஞ்சுது. ஓல்முக்கு முன்கால்ல மூணு விரல்தான். ஆலா றெக்கைக்குள்ள எலும்பைப் பார்த்தா அங்கயும் மூணு விரல்தான், றெக்கையா மாறினதுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சுருங்கிப் போயிருக்கு. தனித்தனியா தொலைச்சதுதான், ஆனா எண்ணிக்கை வந்து பொருந்துது. பின்கால்ல கணக்கு உதைக்கும், ஓல்முக்கு ரெண்டே விரல், ஆலாவுக்கு நாலு.

இன்னொண்ணு ரத்தம். நம்ம சிவப்பணுவுக்குள்ள உட்கரு கிடையாது, இந்த ரெண்டுக்கும் உண்டு. ஆனா ஓல்மோட சிவப்பணு நம்மளோடதை விட ஏழெட்டு மடங்கு நீளம். உள்ள அடைச்சு வச்சிருக்கற டிஎன்ஏ அவ்வளவு, மனுஷனை விட சுமார் 15 மடங்கு. பறவைங்க நேர் எதிர், மனுஷனை விட பாதிக்கும் கம்மி, பறக்கறவனுக்கு மூட்டை முடிச்சு ஆகாதுன்னு ஒரு விளக்கம் சொல்வாங்க.

15 மடங்கு டிஎன்ஏன்னா ஓல்ம்தான் புத்திசாலியா?

இல்லங்க, அதுல பெரும்பகுதி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதின மாதிரி. பக்கம் ஜாஸ்தின்னா புத்தகம் நல்லா இருக்கணும்னு இல்ல.

கறுப்பு ஓல்ம்னு ஒண்ணு இருக்காமே, அது ஃபோட்டோஷாப்பா?

நிஜம்தான். 1986ல ஸ்லோவேனியா தென்கிழக்குல பேலா கிராயினாங்கற பகுதியில கண்டுபிடிச்சாங்க, 1994ல தனி துணை இனம்னு பேர் வச்சாங்க. உடம்பு கறுப்பு, தலை குட்டை, முக்கியமா கண்ணு இருக்கு, சின்னதுதான், ஆனா வெளுத்த ஓல்மை விட நல்லா வளர்ந்த கண்ணு. ரொம்பச் சின்ன இடத்துல மட்டும்தான் இருக்கு. வெளுத்ததையும் வெளிச்சத்துல வச்சா தோல் மெல்ல கறுக்கும், நிறம் போடற திறமை தொலையல, தேவைப்படலைன்னு மூட்டை கட்டி வச்சிருக்கு.

ஆக்சலாட்டல் வளர்க்கறாங்களே, அதே மாதிரி ஓல்ம் வாங்கி வளர்க்கலாமா?

வேண்டாம், கூடவும் கூடாது. ஸ்லோவேனியாவுல 1922லருந்தே பாதுகாக்கப்பட்ட பிராணி, இப்ப ஐரோப்பிய யூனியன் சட்டமும் இருக்கு. அது போக உங்க பேரன் காலத்துலயும் அது இருக்கும், தொட்டியை உயில்ல எழுதி வைக்கணும்.

இதுல எது அழிஞ்சு போற நிலைமையில இருக்கு?

IUCNங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்படி ஓல்ம்தான், அபாயத்துல இருக்கற இனம்னு வச்சிருக்காங்க. சுண்ணாம்புப் பாறை ஓட்டை ஓட்டையா இருக்கும், மேல வயல்ல போடற உரமும் ஆலைக் கழிவும் வடிகட்டாம நேரா கீழ இறங்கிடும். அணை கட்டி ஆத்தைத் திருப்பினா குகைத் தண்ணியே மாறிப் போகுது. பன்னிரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை குழந்தை பெத்துக்கறவன் நஷ்டத்தைச் சரிக்கட்ட எத்தனை காலம் ஆகும்னு பார்த்துக்கோங்க. இப்ப குகைக்குள்ள இறங்காமலே ஊத்துத் தண்ணியை மொண்டு அதுல கரைஞ்சிருக்கற டிஎன்ஏவை வச்சே உள்ள ஓல்ம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கறாங்க.

ஆலா உலகம் முழுக்க நிறைய இருக்கறதால கவலை கம்மின்னு பட்டியல்ல இருக்கு, ஆனா எண்ணிக்கை இறங்கிட்டுத்தான் வருது. குஞ்சுக்கு ஊட்ட மணல்விலாங்குன்னு சின்ன மீன் வேணும், அது இல்லாத வருஷம் குஞ்சு கும்பலா சாகும். அதுக்காகவே 2024ல வட கடல்ல இங்கிலாந்து எல்லைக்குள்ள அந்த மீனைப் பிடிக்கறதை நிறுத்தினாங்க. அலையறவனுக்கு ஒரு வசதி, ஒரு இடம் கெட்டா நகர்ந்துக்கலாம். அதே சமயம் வட துருவம், தென் துருவம், நடுவுல ஒரு பெருங்கடல், எல்லாமே நல்லா இருந்தாகணும், எந்த முனை அறுந்தாலும் வண்டி நிக்கும்.

கடைசியா ஒண்ணு, ரெண்டும் எப்பவாவது நேருக்கு நேர் பார்த்திருக்குமா?

ஓல்ம் வெளிய வரவே வராதுன்னு நானே ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தேன், வாபஸ் வாங்கிக்கறேன். இத்தாலி எல்லைப் பக்கம் ஆராய்ச்சி பண்ணினவங்க, வெள்ளம் தள்ளாமலே ஓல்ம் தானா ஊத்து வழியா மேல வர்றதைப் பார்த்திருக்காங்க, ராத்திரியில மட்டும் இல்ல, பகல்லகூட. மேல மண்புழு மாதிரி சாப்பாடு கிடைக்குது, அதான் இழுக்குது. ஆனா ஆர்க்டிக் ஆலாவோட வழக்கமான பாதை அட்லாண்டிக் பக்கம், இத்தாலிக்குக் கிழக்கால இருக்கற ஏட்ரியாடிக் கடல் ஓரத்துல பறக்கறது பெரும்பாலும் அதோட சொந்தக்காரன் சாதா ஆலாதான். அப்படியே வழி தவறி ஒண்ணு வந்து ஊத்து மேல பறந்தாலும், ஓல்ம் எட்டிப் பார்க்கறதுக்குள்ள அது கடலைத் தாண்டியிருக்கும். எட்டிப் பார்க்க கண்ணும் வேணுமே.